மாமன்றம் கூடும் நாள்: சென்னை மாநகராட்சிக் கூட்டத்தின் வரலாறு

சென்னை மாநகராட்சியின் மாமன்றம் மாதம் ஒருமுறையாவது கூடவேண்டும் என்பது சட்ட விதி. ரிப்பன் மாளிகையில் 200 வார்டுகளின் உறுப்பினர்கள் வரிசையாக அமர, மேயர் தலைமை ஏற்க, ஆணையரும் துறை அதிகாரிகளும் பதில் சொல்லத் தயாராக இருக்க அந்தக் கூட்டம் நடக்கிறது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இதுதான். அதன் முதல் கூட்டம் நடந்து 330 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் மன்றம் கூடிக்கொண்டே இருக்கவில்லை. கூடிய காலங்களிலும் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ளே நாற்காலி இருந்ததில்லை. கூட்டம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லப் புகுந்தால், யார் அதில் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1680-களில் ஒரு தலைவலி இருந்தது. கோட்டைக்கும் ஊருக்கும் ஆகும் செலவைச் சென்னப்பட்டணத்து மக்களே வரியாகக் கொடுக்கவேண்டும் என்று கம்பெனி நினைத்தது. மக்கள் மறுத்தார்கள். லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டு இதற்கு ஒரு வழி கண்டார். கவர்னர் போடும் வரியை எதிர்க்கிறவர்கள், தங்களில் பெரிய மனிதர்கள் கூடிப் போடும் வரியைக் கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் ஒப்புதலோடு 1687 டிசம்பர் 30 அன்று மாநகராட்சிக்கான சாசனம் எழுதப்பட்டது. நகரமன்றம் வரிக்காகப் பிறந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. வரி கொடுப்பவனுக்கு அதைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு என்ற எண்ணமும் அதே இடத்தில்தான் முளைவிட்டது.

1688 செப்டம்பர் 29 அன்று முதல் மன்றம் பதவியேற்றது. அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவருக்குக் கீழே ஆல்டர்மேன்கள் எனப்பட்ட மூத்த உறுப்பினர்கள் 12 பேர். ஆங்கிலேயர் மூவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர், போர்த்துக்கீசியர் இருவர், யூத வணிகர் மூவர், உள்ளூர் இந்துக்கள் மூவர் என்று அந்தப் பன்னிரண்டு இடங்களும் பிரிக்கப்பட்டன. உள்ளூர்க்காரர்களில் கம்பெனியின் பெருவணிகரான சின்ன வேங்கடாத்ரியும் ஆலங்காத்த பிள்ளையும் இருந்தார்கள். இவர்களுக்கும் அடுத்த நிலையில் பர்ஜஸ் எனப்பட்ட நகரப் பிரதிநிதிகள்.

கூட்டத்துக்குப் போவதே ஒரு ஊர்வலமாக இருந்தது. மேயரும் ஆல்டர்மேன்களும் சிவப்பு சர்ஜ் துணியில் அங்கி அணியவேண்டும். பர்ஜஸ்களுக்கு வெள்ளைச் சீனப் பட்டு. மேயருக்கு முன்னால் பொன்முலாம் பூசிய இரண்டு வெள்ளிச் செங்கோல்களை ஏந்திச் செல்லவேண்டும். பெரிய மனிதர்களின் தலைக்கு மேல் குடை பிடிக்கவும் சாசனமே அனுமதி தந்தது. குடை நம் பக்கத்து மரியாதை, அங்கியும் செங்கோலும் இங்கிலாந்து நகரங்களின் மரியாதை. இரண்டும் ஒரே ஊர்வலத்தில் சேர்ந்து போயின. இன்றைய மேயர் அங்கியோடும் செங்கோலோடும் மன்றத்துக்குள் நுழையும்போது தெரிவது அந்த நாளின் மிச்சம்.

சைல்டின் கணக்கு பலிக்கவில்லை. மன்றத்தில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்தும் வரி ஒழுங்காக வசூலாகவில்லை. காசு இல்லாத மன்றத்தால் தெருவையும் சாக்கடையையும் கவனிக்க முடியவில்லை. மேயரும் ஆல்டர்மேன்களும் மெல்ல மெல்ல வழக்குத் தீர்க்கும் நீதிமன்றமாகவே மாறிப்போனார்கள். 1726-ல் மன்னரின் புதிய சாசனம் வந்தபோது இந்த மாற்றம் உறுதியாயிற்று. ஆல்டர்மேன்கள் 9 பேராகக் குறைந்தார்கள். அவர்களில் 7 பேர் பிறப்பால் பிரிட்டிஷ் குடிகளாக இருக்கவேண்டும் என்று விதி வந்தது. 1688-ல் போடப்பட்ட உள்ளூர் நாற்காலிகள் அதோடு எடுக்கப்பட்டன. 1798-ல் மேயர் நீதிமன்றத்தின் இடத்தில் ரிக்கார்டர் நீதிமன்றம் வந்தது. அதன்பின் ஊரின் குப்பையும் வரியும் முதலில் நீதிபதிகள் என்ற பெயரிலிருந்த அலுவலர்கள் கையிலும், 1856 முதல் மூன்று கமிஷனர்கள் கையிலும் இருந்தன. மூவர் ஒரு அறையில் பேசி முடிப்பதை மன்றக் கூட்டம் என்று சொல்ல முடியாது.

மீண்டும் ஒரு மன்றம் உருவானது 1867-ல். நகரம் 8 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டத்துக்கு நால்வராக 32 கமிஷனர்கள் வந்தார்கள். எல்லோரும் அரசு நியமித்தவர்கள். 1878-ல் அவர்களில் பாதிப்பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆயிற்று. 1882-ல் வைஸ்ராய் ரிப்பன் உள்ளாட்சி பற்றிய தம் தீர்மானத்தை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து 1884-ல் தேர்ந்தெடுக்கப்படுவோர் 24 ஆனார்கள். வாக்கு இருந்தது வசதியுள்ள சிலரிடம்தான். ஆனாலும் தன்னைத் தேர்ந்தெடுத்த தெருவுக்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் மன்றத்துக்குள் வந்தது இந்தக் கட்டத்தில்தான். ரிப்பன் மீது இந்நாட்டினருக்கு இருந்த அன்பு, மன்றத்தின் புதிய கட்டடத்துக்கு அவர் பெயரை வைக்கச் செய்தது.

அதுவரை எர்ரபாலு தெருவில் இயங்கிய அலுவலகம் இந்த வெள்ளை மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 1909-ல் அடிக்கல் நாட்டி, லோகநாத முதலியார் ஒப்பந்தம் எடுத்து, 7.5 லட்சம் ரூபாயில் எழுப்பிய ரிப்பன் மாளிகையை 1913 நவம்பரில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் திறந்துவைத்தார். கோபுரத்துக் கடிகாரமும் அதன் மணிகளும் அதே ஆண்டைச் சேர்ந்தவை.

இன்றைய கூட்டத்தின் உருவத்தைத் தீர்மானித்தது 1919-ம் ஆண்டுச் சட்டம். 50 உறுப்பினர்கள் கொண்ட மன்றம், அது தானே தேர்ந்தெடுக்கும் தலைவர், அரசு அனுப்பும் ஆணையர் என்று மூன்று தரப்புகளை அந்தச் சட்டம் எதிரெதிரே உட்காரவைத்தது. தீர்மானம் போடுவது மன்றம், அதை நிறைவேற்றுவது ஆணையர். மன்றத்துக்கு வாய் உண்டு, கை கிடையாது என்று இதைச் சொல்லலாம். கூட்டத்தில் இன்றுவரை கேட்கும் குறைகளில் பாதி இந்தப் பிரிவினையிலிருந்து வருபவை. போன கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலை ஏன் நடக்கவில்லை என்று உறுப்பினர் கேட்பார். நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று அதிகாரி பதில் சொல்வார்.

அந்தச் சட்டத்தின் கீழ் மன்றம் தேர்ந்தெடுத்த முதல் தலைவர் பிட்டி தியாகராயர். 1882 முதல் உறுப்பினராக இருந்தவர், வெள்ளுடை வேந்தர் என்று ஊர் அழைத்தவர். அவர் தலைமையில் 1920 செப்டம்பர் 16 அன்று நடந்த கூட்டத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாமா என்பது அன்று வந்த பொருள்களில் ஒன்று. ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் நிற்கிறார்கள், சாப்பாடு போட்டால் வருவார்கள் என்பது தலைவரின் வாதம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகாமல் செலவு செய்யலாம் என்று மன்றம் தீர்மானித்தது. திட்டம் பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று அரசு மறுத்ததால் 1925-ல் நின்றது. ஆனாலும் பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் போட்ட மதிய உணவுக்கு முதல் சுவடு இந்த மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ ஒப்பந்தப்புள்ளிகள் ஏற்கப்பட்டு மறக்கப்பட்டன. இந்த ஒரு அணாத் தீர்மானம் நிலைத்தது.

1933-ல் தலைவர் பதவி மீண்டும் மேயர் என்று பெயர் மாறியது. ராஜா சர் முத்தையா செட்டியார் அந்தப் பட்டத்தோடு முதலில் அமர்ந்தார். மேயரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் முறைவைத்து அந்த நாற்காலியைக் கொடுக்கும் வழக்கமும் உருவாயிற்று. 1937-ல் ஜே. சிவசண்முகம் பிள்ளை மேயரானார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து சென்னைக்கு வந்த முதல் மேயர் அவர். 1956-ல் தாரா செரியன் முதல் பெண் மேயர். ஓராண்டுப் பதவியில் பெரிதாக என்ன செய்துவிட முடியும் என்ற கேள்விக்கு 1939-ல் மேயரான சத்தியமூர்த்தி விடை தந்தார். குடிநீருக்காகப் பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டவேண்டும் என்று அவர் விடாமல் போராடி, 1940-ல் அடிக்கல் நாட்டவும் வைத்தார். 1944-ல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை. இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1959-ல் திராவிட முன்னேற்றக் கழகம் மாநகராட்சியைப் பிடித்தது, அ.பொ. அரசு மேயரானார். கோட்டையில் ஆட்சிக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கட்சி ஆளப் பழகிய இடம் இந்த மன்றம்.

1973-ல் மஸ்டர் ரோல், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேடு, ஊழல் என்று பேர்பெற்ற விவகாரம் வெடித்தது. மன்றம் கலைக்கப்பட்டது. தவறு செய்தவர்களைத் தண்டித்து மறுதேர்தல் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. 1996 வரை, ஏறக்குறைய 23 ஆண்டுகள், தனி அலுவலர்கள் மாநகராட்சியை நடத்தினார்கள். உறுப்பினர் செய்யவேண்டிய தீர்மானத்தில் தனி அலுவலரே கையெழுத்திட்டார். தன் தெருவில் விளக்கு எரியவில்லை என்று சொல்ல விரும்பியவருக்கு அலுவலக வாசல் இருந்தது, மன்றத்தில் எழுந்து கேட்கும் ஆள் இல்லை. ஒரு தலைமுறை கவுன்சிலர் என்ற ஆளையே நேரில் பார்க்காமல் வளர்ந்தது. அந்த இடைவெளியில் நடந்த ஒன்று மன்றத்தை நிரந்தரமாகச் சிறுத்துப்போகச் செய்தது. 1978-ல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து பிரிந்து சென்னைக் குடிநீர் வாரியத்துக்குப் போயின. சத்தியமூர்த்தி பூண்டிக்காகப் பேசிய மன்றம், தன் கையிலிருந்து தண்ணீர் போனபோது வாதாடக்கூட உயிரோடு இல்லை.

1992-ல் நிறைவேறிய 74-வது அரசமைப்புத் திருத்தம் உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கியது. 1996-ல் 155 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்து, மக்கள் நேரடியாக வாக்களித்த மேயராக மு.க. ஸ்டாலின் வந்தார். மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதா என்ற விதி அதன்பிறகு ஆட்சிக்கு ஆட்சி மாறியது: 2006-ல் மறைமுகம், 2011-ல் நேரடி, 2022-ல் மீண்டும் மறைமுகம். 2011-ல் நகரத்தின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, வார்டுகள் 200 ஆயின. 2016 முதல் 2022 வரை மீண்டும் மன்றம் இல்லை. 2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயரானபோது அவருக்கு வயது 28. பெண்களுக்குப் பாதி இடம் என்ற ஒதுக்கீட்டின்படி அமைந்த முதல் மன்றம் அது. கூட்டத்தின் முகம் கண்ணுக்குத் தெரியும்படி மாறியது.

இன்றைய கூட்டம் நடக்கும் முறை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. பொருள் நிரல் முன்கூட்டியே உறுப்பினர்களுக்குப் போய்விடும். மேயர் திருக்குறள் வாசித்துக் கூட்டத்தைத் தொடங்கிவைப்பார். மறைந்தவர்கள் இருந்தால் இரங்கல் தீர்மானம், மௌனம். பிறகு கேள்வி நேரம். முன்பே எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு மேயரோ நிலைக்குழுத் தலைவரோ பதில் சொல்வார்கள். அதையடுத்து நேரமில்லா நேரம். உறுப்பினர் தம் வார்டைப் பற்றி மனம்விட்டுப் பேசுவது இங்கேதான். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், மூடாத சாலை வெட்டு, தெருநாய், கொசு, பழுதான பூங்கா என்று பட்டியல் நீளும். குடிநீர், மின்சாரம் பற்றியும் பேசுவார்கள். அவை மாநகராட்சியின் துறைகள் அல்ல என்றாலும், ஓட்டுப் போட்டவர் அந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போவதில்லை. கடைசியில் தீர்மானங்கள் வரும். பல நேரம் பெரும்பாலானவை விவாதமின்றிக் கட்டுக்கட்டாக நிறைவேறிவிடுகின்றன. மன்றத்தின் உண்மையான அதிகாரம் தீர்மானத்தில் இருக்க, அதன் நேரமும் குரலும் அதற்கு முந்தைய பகுதியிலேயே செலவாகிவிடுகிறது. இது வருத்தத்துக்குரியது. எதிர்க்கட்சியினர் சில சமயம் வெளிநடப்புச் செய்வார்கள். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைமை வகிப்பவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. ஆண்டுக்கொருமுறை வரவுசெலவுத் திட்டத்துக்குத் தனிக் கூட்டம்.

இந்தக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது. பேசும் உரிமை உறுப்பினர்களுக்கும், பதில் சொல்லும் அலுவலர்களுக்கும்தான். கிராமசபை போல நகரத்திலும் மக்களே எழுந்து பேச ஓர் இடம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலம் இருந்துவந்தது. 2022-ல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், தமிழ்நாட்டு நகரங்களில் முதல் பகுதி சபைகள் கூடின. 1919-ன் சட்டம் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்து, 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்துக்கு வழிவிட்டது. பகுதி சபையில் குடியிருப்பவர் தம் தெருக் குறையைத் தாமே எழுந்து சொல்கிறார். அது வார்டு குழு வழியாக உறுப்பினரிடம் போய், அவர் வாயிலாக ரிப்பன் மாளிகையின் மாதக் கூட்டத்துக்கு வருகிறது.