இடக்கரடக்கலும் ஒளிக்குழாயும்

இடக்கரடக்கல் என்னும் பாடத்தை ஆண்டுதோறும் இளங்கலை வகுப்பில் நடத்தி வருகிறோம். அவையில் கூறத் தகாத சொல்லை மறைத்துப் பிறிதொரு சொல்லால் உணர்த்துவதை நன்னூலார் தகுதி வழக்கின் ஒரு வகையாக வைத்தார். 'கால் கழுவி வந்தான்' என்று எடுத்துக்காட்டுச் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பெழும். சிரிப்பு அடங்கியபின், இது தமிழரின் நாகரிகத்துக்குச் சான்று என்று சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவோம்.

அதே இடக்கரடக்கல் எம் வீட்டுக்குள் ஒலித்தபோது அதற்குப் பொருள் காண நமக்குத் தெரியவில்லை. எம் பெரியம்மா ஏழு மாத காலம் 'அடிவயிற்றில் சூடு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாமும் இளநீர் வாங்கிக் கொடுத்தோம். வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னோம். சூடு என்று அவர் சொன்னது சிறுநீரோடு வந்துகொண்டிருந்த இரத்தத்தை. அது தெரியவந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, சிறுநீர்ப்பைக்குள் குழாய் செலுத்திப் பார்க்க வேண்டும், சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றார். பெரியம்மா மறுத்துவிட்டார். "தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்றார். அப்போது நடந்துகொண்டிருந்தது ஐப்பசி.

சிஸ்டோஸ்கோப்பி எனப்படும் இச்சோதனை மருத்துவக் கணக்கில் மிகச் சிறியது. ஆயினும் அதன் பெயரைக் கேட்டதும் ஒரு பெண்ணின் உறக்கம் போய்விடுகிறது. இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது, அது எவ்வாறு தணியும் என்னும் கேள்விகளோடு இச்சோதனையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம். கருவியின் வரலாறு நூல்களில் விரிவாகவே கிடைக்கிறது. கருவிக்கு முன்னால் படுத்திருந்தவளின் வரலாற்றை வரிகளுக்கு இடையில்தான் தேட வேண்டியிருக்கிறது.

அச்சம் என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்கள் கூறுவார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் மருத்துவமனையில் இல்லை. நான்காவது உண்டு. தம்மினும் உயர்ந்தவர், தம்மேல் அதிகாரம் உடையவர், கேள்வி கேட்க இயலாதவர் முன் நிற்கும்போது எழும் அச்சம் அது. மேசைமேல் படுத்திருக்கும் பெண்ணுக்கு வெள்ளை அங்கி அணிந்தவர் அந்நேரத்து இறை. இதனோடு நாணமும் சேர்ந்துகொள்கிறது. வலியைப் பற்றிய அச்சம் இவ்விரண்டுக்கும் பின்னரே வருகிறது என்பது நம் எண்ணம். வரலாறும் அதையே காட்டுகிறது.

*

உயிருள்ள மனிதரின் உடலுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் கனவுக்கு முதலில் உருவம் கொடுத்தவர் பிராங்பர்ட் நகர மருத்துவர் பிலிப் போசினி. 1806ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த 'ஒளிகடத்தி' ஒரு குவளையைப் போன்றது. உள்ளே ஒரு மெழுகுவத்தி, அதன் ஒளியைத் திருப்ப ஓர் ஆடி, வெவ்வேறு உறுப்புகளுக்கென வெவ்வேறு குழாய்கள். வியன்னாவின் மருத்துவப் புலம் அதனை வரவேற்கவில்லை. போசினி 1809இல் தொற்றுக் காய்ச்சலால் இறந்தபோது அவருக்கு வயது 35.

1853இல் பாரிஸ் நகரத்து அந்துவான் தெசொர்மோ, சாராயமும் கற்பூரத்தைலமும் கலந்து எரியும் விளக்கோடு தம் கருவியை அறிஞர்முன் வைத்தார். ஒளி கூடியது; கூடவே விளக்கின் சூடும் கூடியது. ஜெர்மானியரான மாக்சிமிலியன் நிட்சே, விளக்கை வெளியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்ப்பது வீண் முயற்சி என்று கண்டார். அறைக்கு ஒளி வேண்டுமாயின் விளக்கை அறைக்குள் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. வியன்னாவின் கருவிக் கலைஞர் யோசப் லைட்டரோடு சேர்ந்து அவர் 1879இல் வெளியிட்ட கருவியின் நுனியில் பிளாட்டினக் கம்பி ஒன்று மின்சாரத்தால் கனன்றது. அது சதையைச் சுட்டுவிடாதிருக்கக் குளிர்நீர் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தது. எடிசனின் மின்குமிழ் வந்தபின் அதன் சிற்றுருவம் அந்தக் கம்பியின் இடத்தைப் பிடித்தது.

மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு, கனலும் கம்பி, மின்குமிழ் என்று நீளும் இவ்வரலாறு ஒளியின் வெற்றி வரலாறு. ஆனால் அவ்வொளி யாருக்குக் கிடைத்தது? குழாயின் மறுமுனையில் கண் வைத்தவருக்கு மட்டுமே. படுத்திருந்தவருக்கு அறை முன்போலவே இருட்டாக இருந்தது.

*

பெண்களைப் பொறுத்தவரை இவ்விருட்டு இன்னும் அடர்த்தியானது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கொமரியில் மரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்கள் மீது அறுவை செய்து பழகினார். நீண்ட பேற்றுவலியால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் ஓயாமல் ஒழுகும் நோய்க்கு ஆளான பெண்கள் அவர்கள். அனார்க்கா, பெட்சி, லூசி என்னும் மூவர் பெயர்களே நமக்குக் கிடைக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 30 முறை அறுவை நடந்தது. ஈதர் மயக்கம் 1846இல் பாஸ்டனில் காட்டப்பட்டுவிட்டது; இப்பெண்களுக்கு அது தரப்படவில்லை. இசைவு தந்தவர்கள் அவர்களின் உடைமையாளர்கள். அச்சோதனைகளின்போது உருவான, சிம்ஸின் பெயர் தாங்கிய கருவி இன்றும் மகப்பேற்று அறைகளில் உள்ளது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் ஓரத்தில் நின்ற அவர் சிலை 2018இல் அகற்றப்பட்டது.

அடிமைமுறை ஒழிந்த பின்னும், பார்ப்பவரின் வசதியே முதன்மை என்னும் மனப்பாங்கு ஒழியவில்லை. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி 1890களில் பெண்களுக்கென்றே ஓர் எளிய முறையை வகுத்தார். பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உடையது, ஆண்களுக்கோ ஏறத்தாழ 20 செ.மீ. ஆகவே நேரான ஒரு வெற்றுக் குழாயே அவருக்குப் போதுமானதாயிற்று. பெண்ணை முழங்காலும் மார்பும் மேசையில் படியுமாறு குப்புறக் கவிழ்ந்திருக்கச் செய்வார். சிறுநீர்ப்பை காற்றால் தானே விரியும். தம் நெற்றியில் கட்டிய ஆடியால் ஒளியைத் திருப்பி உள்ளே நோக்குவார். மருத்துவ நோக்கில் இது நுட்பமான முறைதான். நாம் நினைத்துப் பார்ப்பது அந்தக் கோலத்தை. முகம் மேசையில் புதைந்திருக்க, பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்பதைக் காண இயலாத நிலையில் ஒருத்தி எதனைப் பற்றியிருப்பாள்?

*

அதே காலத்துத் தமிழகத்துக்கு வருவோம். இங்கே நாணம் உயிரையே விலையாகக் கேட்டது. இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1890களில் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேற்றுவலியில் துடிக்கும் தம் மனைவியைக் காக்க வருமாறு அவரை அழைத்தனர். தாம் மருத்துவர் அல்லர், தம் தந்தையே மருத்துவர் என்றார் ஐடா. ஆடவர் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அவ்விரவே தம்மை மருத்துவம் படிக்க அனுப்பியது என்று ஐடா பின்னாளில் சொல்லிவந்தார். வேலூரில் 1918இல் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி அதன் விளைவு.

சென்னையில் அதற்கு முன்பே வழி திறந்திருந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அம்முதல் மாணவியர் நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப். அவர் முயற்சியால் 1885இல் தொடங்கப்பட்ட கோஷா மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்கிறது. கோஷா என்னும் சொல் திரையைக் குறிக்கும். திரைக்குப் பின்னிருந்த பெண்களிடம் திரையை விலக்கு என்று சொல்லாமல், திரைக்குள்ளேயே மருத்துவத்தைக் கொண்டுசென்றார்கள். நாணத்தை நகையாடாமல் மதித்து நடந்ததால் அங்கே பெண்கள் வந்தார்கள். அச்சம் தணிப்பதன் முதல் பாடம் இதுவே என்று கருதுகிறோம்.

*

இருபதாம் நூற்றாண்டு வலியைப் பெருமளவு வென்றது. சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய லிடோகெயின், 1948 முதல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று சோதனைக்கு முன் சிறுநீர்வழியில் இடப்படும் மரத்துப்போகச் செய்யும் களிம்பில் இருப்பது அதுவே. கருவியும் மாறியது. இலண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்சும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் 1954இல் கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினர். ஒளி வளைந்து செல்லக் கற்றதும் குழாயும் வளையக் கற்றது. 1980களில் வளையும் கருவிகள் பரவின. இன்றைய கருவியின் பருமன் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். முழு மயக்கமின்றி, பெரும்பாலும் ஐந்து நிமிடங்களுக்குள் சோதனை முடிந்துவிடுகிறது.

பின்னர் நிழற்படக் கருவியும் திரையும் வந்தன. கருவியின் வரலாற்றில் இதை ஒரு வசதி என்றே எழுதுகிறார்கள். நமக்கோ இது பெரிய திருப்பமாகத் தோன்றுகிறது. போசினி முதல் ஒற்றைக் கண்ணுக்கே உரியதாயிருந்த காட்சியை, விரும்பினால், படுத்திருக்கும் பெண்ணும் காணலாம். தன் உடலின் உட்புறத்தைப் பற்றித் தானும் ஒரு கேள்வி கேட்கலாம். ஒளி முதன்முறையாக அவள் பக்கமும் திரும்பியது.

சட்டமும் இத்திசையில் ஓரடி எடுத்து வைத்தது. சோதனைக்கென்று மயக்கம் கொடுக்கப்பட்ட பெண் ஒருவருக்கு, அவர் இசைவின்றியே கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்ட வழக்கில், சோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்குத் தந்த இசைவாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சிறு சோதனைக்குப் போகும் பெண்ணுக்கு இத்தீர்ப்பு ஓர் ஆறுதல். பார்க்கவே போகிறார்கள், அதற்குமேல் எதையும் செய்வதாயின் அவளைக் கேட்டாக வேண்டும்.

எனினும் குழாய் மெலிந்த அளவுக்கு அச்சம் மெலியவில்லை. சொல் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். சொல்ல வேண்டியவையோ மிகச் சில. இடுப்புக்குக் கீழ் துணி போர்த்தியிருப்பார்கள். பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். களிம்பு சில்லென்றிருக்கும். குழாய் நுழையும் கணத்தில் சற்றே எரியும். அப்போது மூச்சை அடக்காமல் மெல்ல வெளியே விட்டால் அடிவயிற்றுத் தசைகள் இளகிக் கொடுக்கும். உள்ளே தூயநீர் நிரப்புவதால் சிறுநீர் முட்டுவதுபோல் தோன்றும். அது இயல்பு, அதற்கு வெட்க வேண்டியதில்லை. இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பின்னர் ஓரிரு நாள் எரிச்சலோ இளஞ்சிவப்பு நிறமோ இருக்கக்கூடும். காய்ச்சல் வந்தாலும், இரத்தம் மிகுந்தாலும், சிறுநீர் பிரியாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இசை கேட்டபடி இச்சோதனைக்கு உட்பட்டவர்களிடம் பதற்றம் குறைந்ததாகப் பல நாடுகளின் ஆய்வுகள் கூறுகின்றன. எல்லா ஆய்வுகளும் ஒன்றுபோல் சொல்லவில்லையாயினும், பிடித்த பாட்டைக் கேட்பதால் கேடொன்றும் இல்லை.

*

பெரியம்மா தை பிறக்கும்வரை காத்திருக்கவில்லை. அவர் மனத்தை மாற்றியது நம் புலமை அன்று. அம்மருத்துவமனையின் செவிலி ஒருவர். அவர் பெரியம்மாவின் அருகில் அமர்ந்து, சுண்டுவிரலைக் காட்டி, "இதைவிட மெல்லிசுதாம்மா. நான் பக்கத்துலயே நிப்பேன். வலிச்சா என் கையை அமுக்குங்க, டாக்டரை நிறுத்தச் சொல்றேன்" என்றார். எந்த இடத்தில், எவ்வழியாக என்பதை இடக்கரடக்கல் இன்றித் தாழ்ந்த குரலில் விளக்கினார். பெரியம்மா அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆம்பிளைங்க எத்தனை பேரு இருப்பாங்க?" மருத்துவர் ஒருவர் மட்டும் என்றார் செவிலி. அதன்பிறகே தலையசைத்தார்.

சோதனையில் சிறு கட்டி ஒன்று தெரிந்தது. அதனை அகற்றினார்கள். ஆண்டுகள் பல கடந்துவிட்டன. பெரியம்மா நலமாக இருக்கிறார். குறித்த காலத்தில் மறுசோதனைக்குத் தாமே தேதி நினைவூட்டுகிறார். முதல் நாள் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை. "இவ்வளவுதானாடா? இதை யாராவது மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

இவ்வாண்டு இடக்கரடக்கல் பாடம் நடத்தும்போது, சிரிப்பு அடங்கியபின் உடனே அடுத்த நூற்பாவுக்குப் போகவில்லை. 'அடிவயிற்றில் சூடு' என்று கரும்பலகையில் எழுதி, இதன் பொருள் என்னவாக இருக்கக்கூடும் என்று மாணவியரைக் கேட்டோம். வகுப்பு நெடுநேரம் அமைதியாக இருந்தது. மணி அடித்தபின் இருவர் மட்டும் தயங்கி நின்றனர். ஒருத்தி தன் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.