பழைய மோட்டாரும் பட்டறைக்காரரும்

எந்தத் தொழிற்சாலை எப்போது வந்தது என்று வரலாறு எழுதுகிறோம். அங்கே செய்த பொருள் பழுதானபோது யார் சரிசெய்தார்கள் என்று எழுதுவதில்லை. கொங்கு நாட்டு பம்ப்செட்டின் கதையில் பாதி ரீவைண்டிங் பட்டறைகளின் கதைதான்.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-இல் பீளமேட்டில் ஜி.டி.நாயுடுவின் நிறுவனம் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்தது. மெல்ல மெல்ல ஏற்றம் போய் மோட்டார் வந்தது. தாராபுரம் பக்கம் அமராவதித் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடுகளுக்குக் கிணறுதானே கதி!

வோல்டேஜ் குறைந்தாலோ, மூன்று பேஸில் ஒன்று போனாலோ காயில் கருகிவிடும். பயிர் காத்திருக்குமா? பட்டறைக்காரர் கருகிய கம்பியைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, அதே கேஜில் புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, உலர்த்தித் தருவார். தயாரித்த கம்பெனியே மூடிப்போயிருந்தாலும் பரவாயில்லை. வரைபடம் கருகிய காயிலிலேயே இருக்கிறது. புஷ்ஷை லேத்தில் கடையலாம். உடைந்த இம்பெல்லரை மாதிரியாக வைத்துக் கோவை பவுண்டரிகளில் புதிது வார்க்கலாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சரியாகச் செய்யாத ரீவைண்டிங்கால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானபின் அந்த இழப்பு தோட்டத்துக்காரர் கண்ணில் படுவதில்லை. அது மின்வாரியக் கணக்கில் ஏறுகிறது.

அதற்காகப் பழையதையெல்லாம் தூக்கிப்போடச் சொல்வது சரியா? பட்டறைக்காரருக்கு நல்ல பயிற்சியும் சோதனைக் கருவியும் கொடுத்தாலே பாதிக்குறை தீரும் என்பது என் எண்ணம். மோட்டாரை உருவாக்கியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அதை இத்தனை வருடம் ஓட வைத்தவர்களின் பெயர்...?