கணக்கும் படமும்: தமிழ்ப் பள்ளிகளில் கோள்கள் பாடமான வரலாறு

கோயில் பிராகாரத்தில் கோள்கள் ஒன்பது, பாடப்புத்தகத்தில் எட்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டும் தெரியும். சனிக்கிழமை அம்மாவோடு போய் எள் தீபம் ஏற்றிவிட்டு, திங்கட்கிழமைத் தேர்வில் சனிக்கு வளையம் வரைந்து மதிப்பெண் வாங்கிவிடும். ஒன்பதில் சூரியன், சந்திரன், இராகு, கேது உண்டு. எட்டில் நாம் நிற்கும் பூமியும், வெறுங்கண்ணுக்கு அகப்படாத நெப்டியூனும் உண்டு. இரு பட்டியலுக்கும் பொதுவாக நிற்பவை புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்ற ஐந்துதான். வாரத்தில் ஐந்து நாளுக்குப் பெயர் கொடுத்த இந்த ஐந்தையும் கருவி இல்லாமலே பார்க்கலாம். ஆனால் பட்டியலைத் தட்டாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளிடம், மாலையில் மேற்கே வெள்ளி எங்கே என்று பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். கை நீட்டிக் காட்டியவர்கள் வகுப்புக்கு ஓரிருவர்.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. கோள் எங்கே நிற்கும் என்று கணிக்கும் கல்வி தமிழகத்தில் முன்பே இருந்தது. கோள் என்பது என்ன என்று விளக்கும் கல்வி பின்னால் வந்தது. இவ்விரண்டும் எதிரெதிரே வந்து நின்ற சில தருணங்களில்தான் மாணவர்கள் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோழிக் கணக்கு

இடம் மாறாத விண்மீனை நாள்மீன் என்றும், அவற்றினிடையே ஊர்வதைக் கோள்மீன் என்றும் பிரித்தறிந்த மொழி தமிழ். பட்டினப்பாலையில் அந்தப் பாகுபாடு இருக்கிறது. வெள்ளி தெற்கே விலகுவது வறட்சிக்கு அறிகுறி என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பார்த்துப் பழகியவர்களின் சொற்கள் இவை. ஆனால் முறையான பாடமாகக் கைமாறியது பார்வையன்று, கணக்கு. அதைக் காத்தவர்கள் பஞ்சாங்கக்காரர்கள்.

அந்தப் பாடம் எப்படி நடந்தது என்பதற்கு இரண்டு ஐரோப்பியர்களின் குறிப்புகள் உதவுகின்றன. 1769ஆம் ஆண்டின் வெள்ளிக் கடப்பை, அதாவது சூரிய வட்டின் குறுக்கே வெள்ளி நகர்வதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்து, மேகத்தால் அதைத் தவறவிட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், அங்கே தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைச் சோழிகளை வைத்தே அந்தத் தமிழர் கணக்கிட்டுக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் அந்தக் கணக்கு 41 விநாடி குறைந்தது. அன்று ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடியது. ஒரே ஒரு கிரகணத்தை வைத்து எந்த முறை மேல் என்று தீர்ப்புச் சொல்வது சரியல்ல. சிலர் அப்படிச் சொல்லி மகிழ்வதுண்டு. 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்துக்கு, இரண்டாமவரான ஜான் வாரன் பதிவு செய்த இன்னொரு தமிழ்க் கணக்கில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின.

வாரனின் குறிப்பில் என்னைக் கவர்ந்தது பிழையின் அளவு அல்ல. தமக்குக் கணக்கிட்டுக் காட்டியவருக்குக் கொள்கை எதுவும் தெரியாது, நினைவாற்றலால் தரையில் சோழிகளை வரிசையாக வைத்து முடித்துவிட்டார் என்று அவர் எழுதுகிறார். அந்த நினைவு வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 16,00,984 நாள், பிறகு 12,372, பிறகு 3,031, பிறகு 248 என்று பெரிய சுற்றுகளைக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெயர். 248க்குத் தேவரம் என்று பெயர். பெயரே எண்: எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் தே என்பது 8, வ என்பது 4, ர என்பது 2. பின்னிருந்து படித்தால் 248. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மறுபடி அதே நிலைக்கு 27½ நாளுக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. ஒன்பது முறை அப்படி வந்தால் 248 நாள். அந்த 248 நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்களை மாணவன் மனப்பாடம் செய்தான். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

ஆக, அந்த மாணவனுக்கு வானத்தை ஏறிட்டுப் பார்க்கும் கட்டாயம் இல்லை. வாக்கியம் தவறாமல் நினைவில் இருந்தால் போதும். இன்றைய மாணவன் படத்தை மனப்பாடம் செய்கிறான், அன்றைய மாணவன் வாக்கியத்தை மனப்பாடம் செய்தான். வேறுபாடு ஒன்றுதான்: அன்றைய கணக்கைக் கிரகணம் வந்து சோதித்தது.

வட்டுக்கோட்டையில் ஒரு மாலை

சூரியன் நடுவில் நிற்கிறது என்ற செய்தி தமிழுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று குறவஞ்சி. தரங்கம்பாடியில் சி.எஸ். ஜானிடம் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் புதிய வானியலும் புவியியலும் இடம்பெற்றன. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் பெயரில் உள்ள மராத்தி மொழித் தேவேந்திர குறவஞ்சியில் குறத்தி உலகின் கண்டங்களையே வர்ணிக்கிறாள். இது விந்தையாகத் தோன்றலாம். எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது. மலைவளமும் நாட்டுவளமும் சொல்லி ஊர் ஊராகத் திரிகிறவள் குறத்தி. புதிய உலகப்படத்தைச் சொல்ல அவளைவிடத் தகுந்தவர் தமிழ் இலக்கிய வடிவங்களுக்குள் யார்?

பள்ளிப் பாடமாக வானியல் வேரூன்றிய இடம் யாழ்ப்பாணம். அமெரிக்க மிசன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் டேனியல் பூவர் தலைமையில் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. மிசனரிகளின் நோக்கம் வெளிப்படையானது. மேருமலையும் ஏழு கடலும் கொண்ட புராண உலகப்படம் பொய்த்தால் புராணமும் பொய்க்கும், மாணவர் கிறிஸ்தவத்துக்கு வருவர் என்று எதிர்பார்த்தார்கள். அதற்கு வாய்ப்பாக வந்தது 1829 மார்ச் 20இன் சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் அதை முன்கூட்டியே குறித்திருந்தது. பூவர் தாமும் கணித்தார். தொடங்கும் நேரம், மறையும் அளவு, நீடிக்கும் நேரம் என்ற மூன்றிலும் இரு கணக்கும் வேறுபட்டன. எது சரி என்று அன்று மாலை வானம் சொல்லும் என மாணவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. பூவரின் கணக்கே பொருந்தியது என்று மிசன் பதிவுகள் சொல்கின்றன.

இதை அறிவியலின் வெற்றி என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் நடந்தது கணக்குக்கும் கணக்குக்கும் இடையிலான போட்டி. சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் புராணத்திலிருந்து வந்ததல்ல. அதன் பின்னே நின்ற, சித்தாந்தம் எனப்படும் பழைய இந்தியக் கணித வானியலுக்குப் பூமி உருண்டை என்பது என்றோ தெரியும். கிரகணத்தைப் பாம்பு விழுங்குவதாக அது கணக்கிடவில்லை, நிழலாகவே கணக்கிட்டது. இந்த வேறுபாட்டைப் பின்வந்த மிசனரிகள் புரிந்துகொண்டார்கள். பூவருக்குப் பின் செமினரிக்குத் தலைமை ஏற்ற எச்.ஆர். ஹொய்சிங்டன், தமிழ்ச் சோதிட நூலொன்றின் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் சேர்த்து 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். மத்திய இந்தியாவின் சேகோரில் பிரிட்டிஷ் அதிகாரி லான்சலாட் வில்கின்சன் 1830களில் செய்ததும் இதுதான்: சித்தாந்தத்தைப் படியாக வைத்து மாணவரைக் கோப்பர்நிக்கசிடம் ஏற்றுவது. மாணவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கும் இந்த வழி, யாழ்ப்பாணத்தில் மதம் மாற்றும் நோக்கத்தோடு பிறந்திருந்தாலும், கற்பித்தல் முறையாக மிக உயர்ந்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது.

அதே வழியை மதநோக்கம் எதுவுமின்றிச் சென்னையில் எடுத்துச் சென்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வான்காணகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். நேரில் நோக்கித் திருத்திய கணக்கைக் கொண்டு திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1874 டிசம்பர் 9இன் வெள்ளிக் கடப்புக்கு முன்பாக, அது என்ன, ஏன் நிகழ்கிறது, எப்படிப் பார்ப்பது என்று பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலை எழுதினார்; கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளிலும் அது வந்தது. கணிப்பவரும் நோக்குபவரும் கற்பிப்பவரும் ஒரே ஆளாக இருந்த அந்த நிலை அவர் 1880இல் மறைந்த பிறகு நெடுங்காலம் வாய்க்கவில்லை.

படம் வந்த பிறகு

இருபதாம் நூற்றாண்டில் வானியல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடமாயிற்று. இது சாதாரண மாற்றமன்று. வாக்கியம் சொன்ன வீடுகளுக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. சொற்களும் உருவாயின. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் கூடித் தொடங்கிய கலைச்சொல் முயற்சி தொட்டு, கிரகம் கோளாயிற்று. சூரிய மண்டலம் தமிழ்நாட்டில் சூரியக் குடும்பமாகவும் இலங்கையில் ஞாயிற்றுத் தொகுதியாகவும் நிலைத்தது. குடும்பம் என்ற சொல்லில் ஒரு நெருக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும். அந்த நெருக்கமே ஒரு சிக்கலுமாகும். பாடப்புத்தகப் படத்தில் கோள்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்தவைபோல் ஒட்டி ஒட்டி நிற்கின்றன.

அளவைப் பற்றி வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1833இலேயே எச்சரித்துவிட்டார். சமமான வெளியில் இரண்டடி விட்டமுள்ள உருண்டையைச் சூரியனாக வையுங்கள் என்றார். புதன் ஒரு கடுகு. 82 அடி தள்ளி. வெள்ளி ஒரு பட்டாணி. பூமியும் பட்டாணிதான், 215 அடி தள்ளி. செவ்வாய் குண்டூசியின் தலை. வியாழன் ஓர் ஆரஞ்சுப் பழம். கால் மைல் போக வேண்டும். தாளில் வட்டம் போட்டோ, கைப்பிடி சுழற்றினால் கோள்கள் சுற்றும் பொம்மையைக் காட்டியோ இதைப் புரியவைக்க முடியாது என்பது அவர் முடிவு. இந்தக் கணக்கில் நெப்டியூன் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நிற்கும். பள்ளி வாசலில் பந்தை வைத்தால் பேருந்து நிறுத்தம் தாண்டி, பக்கத்து ஊர் எல்லைவரை நடக்க வேண்டும்.

படம் விளைவித்த இன்னொரு தடுமாற்றம் பருவகாலம் பற்றியது. சாய்கோணத்தில் வரைவதால் பூமியின் பாதை நீண்ட முட்டை வடிவமாகத் தெரிகிறது. அதைப் பார்க்கும் பிள்ளை, சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை, விலகும்போது குளிர் என்று தானே முடிவு கட்டிவிடுகிறது. இதை மறுக்கத் தமிழ்நாட்டு ஆசிரியருக்குக் கருவி எதுவும் வேண்டாம், மார்கழி போதும். பூமி சூரியனுக்கு மிக நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிக விலகுவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடியில். பனிக்குக் காது மூடிக்கொண்டு திருப்பாவை கேட்கும் விடியற்காலையில்தான் சூரியன் நமக்கு மிக அருகில் இருக்கிறது. இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு வகுப்பில் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால், அச்சின் சாய்வைப் பற்றிய கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். எனக்கு வந்திருக்கிறது.

வானத்தை வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவந்தவை பெரும்பாலும் பாடத்திட்டத்துக்கு வெளியே நடந்த முயற்சிகள். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் வெளிவரும் துளிர் இதழ், 1988இல் சென்னையில் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கம் ஆகியவை ஒரு தலைமுறையை உருவாக்கின. 2004 ஜூன் 8இல் வெள்ளிக் கடப்பு மீண்டும் வந்தபோது, ஊசித்துளைக் கண்ணாடியும் வெள்ளைத் தாளுமாகப் பள்ளி மைதானங்கள் நிறைந்தன. புளூட்டோ 2006இல் பட்டியலிலிருந்து நீங்கியபோது ஒன்பது எட்டானதை ஒரு திருத்தமாக மட்டும் அறிவித்த வகுப்புகளே மிகுதி. ஆனால் பட்டியல் முன்பும் மாறியிருக்கிறது. 1801இல் கண்டறியப்பட்ட சீரிஸ் சில பத்தாண்டுகள் கோளாக எண்ணப்பட்டுப் பின் நீக்கப்பட்டது. இதைச் சேர்த்துச் சொல்லியிருந்தால், கோள் என்பது மனிதர் வகுத்த வரையறை என்பது பிள்ளைகளுக்குப் பிடிபட்டிருக்கும்.

கணக்குக்கும் கணக்குக்கும் இடையிலான அந்தப் பழைய போட்டி இன்றும் முடியவில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20இல்தான் திருநள்ளாற்றில் நடந்தது. இடையில் பதினோரு மாதம். அந்த மாதங்களில் சனி எங்கே நின்றது என்று இரவில் பார்த்துக் குறிப்பதைவிட நல்ல செய்முறைப் பாடம் எட்டாம் வகுப்புக்கு எது இருக்க முடியும்? பஞ்சாங்கம் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. வானம் எல்லார் வீட்டு மேலும் இருக்கிறது.

2019 டிசம்பர் 26 காலை, வளையச் சூரிய கிரகணத்தன்று, திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். பல பிள்ளைகளை வீட்டார் வெளியே விடவில்லை. வந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். 9.30 மணியை ஒட்டி வெளிச்சம் மங்கி, காற்றில் சட்டென்று குளிர் ஏறியது. வேப்பமரத்தடியில் இலையிடுக்குகள் வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் வளையமாகி, தரையெங்கும் கண்ணாடி வளையலைக் கொட்டிவிட்டதுபோல் கிடந்தன. ஒரு பெண்பிள்ளை அதில் கை நீட்டி, மணிக்கட்டில் ஒரு வளையம் விழும்படி வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த பையன் நாட்காட்டியிலிருந்து கிழித்து வந்த தாளில் அச்சிட்டிருந்த கிரகண நேரத்துக்கு அருகே, ஆசிரியரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, தான் கண்ட நேரத்தை விநாடியோடு எழுதிக்கொண்டிருந்தான்.