எர்காஸ்டோபிளாசம் முதல் எண்டோபிளாச வலை வரை: ஓர் உயிரணு உறுப்பின் பெயரும் பணியும்

முன்னுரை

உயிரணுவிலிருந்து வெளியேற வேண்டிய புரதங்களும் அதன் சவ்வில் அமைய வேண்டிய புரதங்களும் உருவாகி மடியும் இடம் எண்டோபிளாச வலை. இலங்கைப் பாடநூல்கள் இதனை அகமுதலுருச் சிறுவலை என்று வழங்கும். பெரும்பாலான பாடநூல்களில் இதன் வரலாறு 1945ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அத்தொடக்கம் பிழையன்று, ஆயினும் குறையுடையது. இவ்வுறுப்பின் வடிவம் தெளிவாகக் காணப்படுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் பணி ஊகிக்கப்பட்டிருந்தது. அவ்வூகம் மங்கியதையும், பின்னர் நோய்களின் வழியே அது புதுப்பொருள் பெற்றதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பணியால் வந்த பெயர்

பிரெஞ்சு ஆய்வாளர் சார்லஸ் கார்னியே 1897இல் சுரப்பி உயிரணுக்களின் அடிப்பகுதியில் காரச் சாயங்களை மிகுதியாக ஏற்கும் இழை போன்ற பொருளைக் கண்டார். சுரப்பின் நிலைக்கேற்ப அதன் தோற்றம் மாறுவதையும் அவர் கவனித்தார். எனவே ‘வேலை’ என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து ‘எர்காஸ்டோபிளாசம்’ என்று அதற்குப் பெயரிட்டார். ஆனால் ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்கும் நுண்ணிய அமைப்பைப் பகுத்துக் காட்ட இயலாது. கண்ட இழைகள் உண்மையான உறுப்பா, திசுவைப் பதப்படுத்தும் வேதிப்பொருள்கள் தோற்றுவித்த உருவா என்னும் ஐயத்தைத் தீர்க்க அன்று வழியில்லை. எமிலியோ வெராட்டி 1902இல் தசையிழைகளில் வரைந்து காட்டிய வலையமைப்பும் இதே போல நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இடத்தால் வந்த பெயர்

1945இல் கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட், எர்னஸ்ட் ஃபுல்லம் ஆகிய மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த உயிரணுப் படங்களை வெளியிட்டனர். எலக்ட்ரான்கள் ஊடுருவுமளவு மெல்லியதாகத் திசுவைச் சீவும் முறை அப்போது கைகூடவில்லை. ஆகவே வளர்ப்பு ஊடகத்தில் தட்டையாகப் பரவிய கோழிக்கரு உயிரணுக்களை முழுமையாகவே நோக்கினர். சைட்டோபிளாசத்தில் பின்னல் போன்ற ஒரு வலை தென்பட்டது. அவ்வலை உயிரணுவின் விளிம்பை எட்டாமல் உட்பகுதியிலேயே நின்றதால், பின்னர் போர்ட்டர் அதற்கு ‘எண்டோபிளாச வலை’ என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் மென்சீவல் முறை வந்ததும், பல உயிரணுக்களில் இவ்வலை விளிம்புவரை பரவியிருப்பது தெரிந்தது. ‘அக’ என்னும் அடையின் காரணம் நீங்கிய பின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் பழைய பெயரை எளிதில் கைவிடவில்லை. பிரான்சுவாஸ் ஹாகெனோ 1958இல் எழுதிய விரிவான மீள்நோக்குக் கட்டுரை எர்காஸ்டோபிளாசம் என்னும் பெயரையே தலைப்பில் தாங்கியது. இதனை வெறும் மொழிப்பற்றாகக் கொள்ளுதல் தகாது. உறுப்பு எங்கே உள்ளது என்பதைச் சொல்லும் பெயரினும் அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் பெயர் கூடுதல் அறிவைத் தாங்கியிருந்தது. கார்னியே கண்ட சாய ஈர்ப்பு, வலையின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள ரைபோசோம்களால் நேர்ந்தது என்பது ஜார்ஜ் பலாடே முதலியோரின் ஆய்வுகளால் தெளிவாயிற்று.

பணியை மெய்ப்பித்தவரும் பலாடேயே. ஜேம்ஸ் ஜேமிசனுடன் 1967இல் வெளியிட்ட ஆய்வில் கினிப்பன்றியின் கணையச் சீவல்களுக்குக் கதிரியக்க லியூசினை மூன்று நிமிடங்கள் மட்டும் அளித்தார். குறியிடப்பட்ட புரதம் முதலில் எண்டோபிளாச வலையிலும், அடுத்துச் சில நிமிடங்களில் கோல்கைப் பகுதியிலும், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சுரப்புத் துகள்களிலும் காணப்பட்டது. கிளாட், பலாடே, கிறிஸ்டியன் டி டூவ் ஆகியோர் 1974இல் நோபல் பரிசு பெற்றனர். வலைக்குப் பெயரிட்ட போர்ட்டருக்கு அதில் இடமில்லை. அவ்விடுபாடு நியாயமானதாகத் தோன்றவில்லை.

காவலே நோயாதல்

இதுவரை இவ்வலை ஒரு தொழிற்கூடமாகவே கருதப்பட்டது. அது தணிக்கைக்கூடமும் ஆகும் என்பதை நோய்கள் உணர்த்தின. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குரிய மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் புரதத்தில் 508ஆம் இடத்திலுள்ள ஃபினைல் அலனைன் விடுபடுவதே மிகப் பரவலான திடீர்மாற்றம். அப்புரதம் உயிரணுவின் மேற்பரப்பை அடையாமல் எண்டோபிளாச வலையிலேயே தடுத்து நிறுத்தப்படுகிறது என 1990இல் காட்டப்பட்டது. 1992இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது: வெப்பநிலையைக் குறைத்து வளர்த்த உயிரணுக்களில் அதே புரதம் மேற்பரப்பை அடைந்து ஓரளவு செயலாற்றியது. அதாவது, ஓரளவேனும் பயன்படத்தக்க புரதத்தை வலையின் தணிக்கை விலக்கிவிடுகிறது. அக்கண்டிப்பும் நோய்க்குக் காரணமாகிறது.

ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாட்டில் நிகழ்வது வேறு. கல்லீரல் உயிரணுக்களின் வலையில் திரண்டு தேங்கும் புரதம் கல்லீரலைச் சிதைக்கிறது. அது வெளிவராமையால் நுரையீரல் காப்பிழக்கிறது.

தேக்கம் மிகும்போது வலை வாளாவிருப்பதில்லை. பீட்டர் வால்டர் குழுவும் கசுதோஷி மோரி குழுவும் 1993இல் ஈஸ்டில் கண்டறிந்த ஐ.ஆர்.இ.1 என்னும் புரதம், மடியாப் புரதங்களின் பெருக்கத்தை உணர்ந்து உட்கருவுக்குச் செய்தி செல்ல வழிசெய்கிறது. மடிப்புக்குத் துணைபுரியும் புரதங்கள் அதனால் மிகுகின்றன. பாலூட்டிகளில் இந்நெருக்கடி நீடித்தால் உயிரணு இறக்கவும் நேரும். 1999இல் ஆராயப்பட்ட அகிதா எலியில் இன்சுலின் மரபணுவில் நேர்ந்த ஒரே மாற்றம் புரத மடிப்பைக் குலைத்து, இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்து, நீரிழிவை விளைவித்தது.

2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் கூட்டு மருந்திலுள்ள மூன்று சேர்மங்களில் இரண்டு, பழுதுற்ற புரதம் செம்மையாக மடிந்து வலையைக் கடக்க உதவுகின்றன. மூன்றாவது, மேற்பரப்பை அடைந்த புரதத்தின் வாயிலைத் திறந்து வைக்கிறது.