எம்டன்: ஊர், கப்பல், ஆள்

"அவன் சரியான எம்டன்பா, அவன்கிட்ட வாயக் குடுக்காத." காசிமேட்டு மீன் ஏலத்திலோ ராயபுரத்து டீக்கடையிலோ இப்படி யாராவது சொன்னால் விளக்கம் கேட்பவர் இல்லை. காரியக்காரன், கமுக்கமானவன், கொஞ்சம் பயப்படவும் வேண்டிய ஆள். சொல்லின் பிறந்த ஊர் மட்டும் வடமேற்கு ஜெர்மனியில், எம்ஸ் ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கிறது.

அந்தத் துறைமுக நகரத்தின் பெயரோடு 1908-இல் ஒரு போர்க்கப்பல் நீரில் இறங்கியது. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணி வாக்கில், கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்து இருட்டில் மறைந்துவிட்டது. துறைமுகத்துக்கு வடக்கே ஒட்டியிருக்கும் காசிமேட்டுக் கரையில் அன்று நின்றவர்களுக்கு அந்தத் தீ தெரியாமல் இருந்திருக்காது. செத்தவர்கள் சிலர்தான். ஆனால் பட்டணமே மூட்டை கட்டியது. ரயிலேறி ஊர் ஊராய்ப் போனவர்கள்தான் இந்தப் பெயரையும் சுமந்து போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பயம் தணிந்த பிறகும் சொல் தங்கியதற்குக் காரணம் அதன் ஒலியில் இருக்கிறது. முரடன், குண்டன், திருடன் என்று ஆளைச் சுட்டிப் பழகிய காதுக்கு, எம்டனின் 'அன்' ஆண்பால் விகுதியாகவே கேட்டது. ஊர்ப்பெயர் ஆளாகிவிட்டது. முன்பாதியில் எமன் வேறு உட்கார்ந்திருக்கிறான். எமகாதகன் ஏற்கெனவே வழக்கில் இருந்த வசவு. மலையாளத்தில் இதே பெயர் 'எமண்டன்' என்று உருண்டு, பிரம்மாண்டமானது என்ற பொருளில் நிற்கிறது. அங்கே பருமன், இங்கே தந்திரம். இலேசான கப்பல்தான் அது என்பதால் தமிழ்ப் பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அடையாளம் தெரியாமலிருக்க முல்லர் அதில் பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டி ஏமாற்றியவர்.

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற கதை நம்மிடையே உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு அவர் இருந்தது சூரிச்சிலும் பெர்லினிலும்.

1914 நவம்பர் 9-இல், கோகோஸ் தீவுகளருகே 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை நொறுக்கியது. 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ளப் பின்னாளில் உரிமை தரப்பட்டது. அது பிள்ளைகளுக்கும் போகும். அங்கே அது விருது. இங்கே கண்டிப்பான அப்பனுக்கும் கறாரான மேஸ்திரிக்கும் முதுகுக்குப் பின்னால் வைக்கும் பட்டப்பெயர்.

அப்படியொரு அப்பனைப் பற்றி 2006-இல் எடுத்த படத்துக்கு 'எம்டன் மகன்' என்றுதான் முதலில் பெயர். தமிழில் பெயர் வைத்த படங்களுக்கே கேளிக்கை வரிவிலக்கு என்று அரசு சொன்னதும் 'எம் மகன்' ஆக்கினார்கள். தொண்ணூற்றிரண்டு வருஷம் இங்கே புழங்கிய சொல்லுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை.