பிரேக் போட்டால் லோரி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?

மூவாரிலிருந்து தளவாடப் பொருட்கள் ஏற்றிய லோரி ஒன்று கூட்டரசு சாலை 5-இல் போகிறது. பிரேக்கை மிதித்ததும் வலப்பக்கம் இழுக்கிறது. நம் நாட்டில் அந்தப் பக்கம்தான் எதிரே வாகனங்கள் வரும்.

பலரும் வலது சக்கரத்தைத்தான் சந்தேகப்படுவாங்க. ஆனால், பெரும்பாலும் கோளாறு இடது பக்கம். வலது பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது, இடது பிடிக்கவில்லை. பிடிக்கிற பக்கமே லோரி திரும்பும்.

முதலில் முன் டயர்களில் காற்று சமமா என்று பாருங்க. பிரேக் போடாமலே இழுத்தால் டயர், அலைன்மெண்ட் அல்லது விடாமல் உரசும் பிரேக் காரணமாக இருக்கலாம். அடுத்து, சில முறை பிரேக் போட்டு ஓட்டியபின் இரண்டு முன் டிரம்களின் சூட்டையும் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் ஒப்பிடுங்க. கை வைத்துப் பார்க்காதீங்க, சுட்டுவிடும்! சூடு குறைந்த பக்கம்தான் வேலை செய்யாத பக்கம். அங்கே ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருக்கலாம், ஏர் சேம்பரில் காற்று கசியலாம், ஹப் சீல் பழுதாகி லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கலாம். ஊறிய லைனிங்கைத் துடைத்து மாட்டுவது பலனில்லை. இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வர்த்தக லோரிகள் பொதுவாக 6 மாதத்திற்கு ஒருமுறை போகும் புஸ்பாகோம் சோதனையில், உருளைகள் மேல் சக்கரங்களின் பிரேக் விசையை அளப்பாங்க. இடது, வலது வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும். ஆனால், இழுக்கும் லோரியை அந்தத் தேதி வரை ஓட்டக்கூடாது.