நாடியும் நாடாவும்

கருவிலே தொடங்கிக் கண் மூடும்வரை ஓயாது உழைப்பது இதயம். அதன் நடையை அறிய நம் முன்னோர் கையாண்ட கருவி மூன்று விரல்களே. மணிக்கட்டில் விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் எனப் பகுத்தறிவது சித்த மருத்துவ மரபு. எங்கள் கண்டனூர்ப் பெரியவர்கள் 'நாடி பார்த்தாயிற்றா?' என்று கேட்டால், வைத்தியரிடம் காட்டியாயிற்றா என்பதே பொருள். விரலுக்குப்பின் வந்த கருவிகளின் வரலாற்றை, ஒரு நோயை முன்னிறுத்தி, நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதயத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் உள்ளன. மேலறைகள் சீராகச் சுருங்கிக் குருதியைக் கீழறைகளுக்குத் தள்ள வேண்டும். சிலருக்கு அவை சுருங்காமல், காற்றில் அரசிலை நடுங்குவதுபோல் நடுங்கும். மருத்துவர்கள் இதனை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். நாம் மேலறை நடுக்கம் என்போம். அப்போது நாடி தாளம் தவறித் துடிக்கும். மேலறையில் தேங்கும் குருதி கட்டியாக உறைந்து, மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் பக்கவாதம் நேரும். உறைவைத் தடுக்கும் மருந்து இந்த அபாயத்தைப் பெரிதும் குறைக்கும். ஆனால் நோய் இருப்பது முதலில் தெரிய வேண்டுமே! பலரிடம் இந்நடுக்கம் வந்து வந்து மறையும் இயல்புடையது.

விரல் உணர்ந்ததை முதலில் தாளில் வரைந்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் தொழில் புரிந்த ஜேம்ஸ் மெக்கென்சி. கை நாடியையும் கழுத்துச் சிரையின் துடிப்பையும் ஒருங்கே வரைந்து, நாடி தாளம் தவறும்போது மேலறையின் அலை மறைந்துவிடுவதைக் கண்டார். அடுத்து வந்தவர் வில்லெம் ஐந்தோவன். 1860இல் ஜாவாத் தீவின் செமாராங் நகரில் பிறந்த டச்சுக்காரர். இதயத்தின் நுண்ணிய மின்சாரத்தைப் பதியும் கருவியை லைடன் நகரில் அமைத்தார். அதன் எடை சுமார் 270 கிலோ; இயக்க ஐவர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் அமிழ்த்தி அமர்வார். 1906இல், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனை நோயாளிகளின் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே பெற்றுப் பதிந்ததை வெளியிட்டார். நோபல் பரிசு 1924இல் அவரை அடைந்தது. ஒழுங்கற்ற அந்நாடிக்குக் காரணம் மேலறை நடுக்கமே என்பதை இம்மின்பதிவைக் கொண்டு 1909இல் லண்டனில் நிறுவியவர் தாமஸ் லூயிஸ்.

நம் நாட்டில் இந்நோய் நுழைய இன்னொரு வாயிலும் உண்டு. சிறுவர்க்குத் தொண்டைப்புண்ணை அடுத்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, இளமையிலேயே மேலறையை நடுங்கச் செய்யும். ருமாட்டிக் இதய நோயை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் எஸ். பத்மாவதி. 1917இல் பர்மாவில் பிறந்தவர். பர்மா என்றால் செட்டிநாட்டார்க்கு விளக்கம் வேண்டியதில்லை! ஜப்பானியப் படையெடுப்பின்போது அங்கிருந்து கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த அவர், பின்னர் டெல்லியில் 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையை நிறுவினார்.

மின்பதிவின் குறை ஒன்றே. வழக்கமான பதிவு காண்பது சுமார் பத்து விநாடி மட்டுமே. பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பு நிறைந்திருக்கும். மட்டம் போடும் மாணவனை அறிய ஆண்டு முழுவதற்குமான வருகைப் பதிவேட்டையே புரட்ட வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர்க்கு இரவில் நெஞ்சு படபடக்கும். காலையில் எடுத்த பதிவோ சீராக இருக்கும். 'ஒன்றுமில்லை' என்று மகிழ்ந்தார். சில மாதங்களில் வலக்கை விழுந்தது, பேச்சும் குழறியது. அதன்பின் நாட்கணக்கில் கண்காணித்தபோதுதான் நடுக்கம் அகப்பட்டது.

அந்தப் பதிவேட்டை இதயத்துக்கு அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தவரான நார்மன் ஹோல்ட்டர். அவர் முதலில் துணைகொண்டது வானொலி அலைகளை என்பது நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும். 1940களின் இறுதியில் சுமார் 38 கிலோ எடையுள்ள கருவியை முதுகில் சுமந்தபடியே இதயத் துடிப்பை ஒலிபரப்பிக் காட்டினார். பின்னர் கருவி சிறுத்தது. ஒலிநாடாவில் மணிக்கணக்காகப் பதியும் முறையை 1961இல் 'சயன்ஸ்' இதழில் விளக்கினார். இன்றும் 24 மணி நேரப் பதிவுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

இப்போது தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி ஆண்டுக்கணக்கில் காவல் இருக்கிறது. காரணம் தெரியாத பக்கவாதம் கண்டவர்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓராண்டில் இக்கருவி 12.4 விழுக்காட்டினரிடம் நடுக்கத்தைக் கண்டது. வழக்கமான முறை கண்டது 2 விழுக்காடே. 2018 முதல் கைக்கடிகாரமும் மின்பதிவு எடுக்கிறது. எனினும் 2021இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், இத்தகைய கருவியால் மும்மடங்கு பேரிடம் நடுக்கம் கண்டும், பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே கண்ட நடுக்கத்துக்கெல்லாம் மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே சீர்தூக்கிச் சொல்ல வேண்டும்.

அறுபத்தைந்தைக் கடந்த அன்பர்கள் கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல் வைத்து, ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். தாளம் தவறினால் மின்பதிவு எடுக்கச் செல்லுங்கள். பதிவு சீராக இருந்தும் படபடப்பு தொடருமானால், நீண்ட நேரப் பதிவு வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.